பட்டறைப் பக்கம்: திருகாணியை இறுக்கினால் தீராத ஆட்டம்



பாவித்த கார் வாங்குவது, காப்புறுதி எடுப்பது, வருடாந்தப் பரிசோதனைக்குக் காரை ஆயத்தம் செய்வது என்று வீட்டுத் தேவைக்கான விடயங்களையே இப்பக்கத்தில் பெரும்பாலும் எழுதி வந்திருக்கிறோம். இம்முறை எடுத்துக்கொள்வது சற்று விலகிய விடயம் போலத் தோன்றலாம். பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் ஸ்ரியறிங் பெட்டியைக் கழற்றித் திருத்திப் பூட்டுவது பற்றியே இந்த இதழில் பேசப் போகிறோம்.

"எங்களுக்கு எதற்கு இது? நாங்கள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, பேரூந்தில்தானே போய் வருகிறோம்" என்று சில பெற்றோர் கேட்பது எமக்குக் கேட்கிறது. காரணம் இரண்டு உண்டு. எம் பிள்ளைகள் பலர் இங்கு வாகனத் தொழில் படிக்கிறார்கள். சிலர் கராஜ்களில் வேலைக்குச் சேர்ந்தும் விட்டார்கள். இந்நாட்டில் பழைய கார்களைத் திருத்துவது தனியான ஒரு தொழில். கைப்பழக்கமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு அங்கே மதிப்பு உண்டு. இது முதலாவது. இரண்டாவது காரணம் எல்லோருக்கும் பொதுவானது. ஒரு பழுதைத் திருத்துவதற்கும் மறைப்பதற்கும் இடையிலான வேறுபாட்டை இந்தச் சிறிய இரும்புப் பெட்டியைப் போல் வேறெதுவும் அவ்வளவு தெளிவாகக் காட்டாது.

எந்தக் கார், எந்தப் பெட்டி?

உதாரணத்துக்கு ஒஸ்ரின்-ஹீலி காரை எடுத்துக்கொள்வோம். 1952ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் டொனால்ட் ஹீலி என்பவர் தாம் வடிவமைத்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் காட்சிக்கு வைத்தார். ஒஸ்ரின் நிறுவனத் தலைவர் லெனாட் லோர்ட் அதைக் கண்டு, தமது நிறுவனமே அதைத் தயாரிக்கும் என்று உடன்பட்டார். அப்படிப் பிறந்ததுதான் ஒஸ்ரின்-ஹீலி 100. அதன் வழி வந்த 3000 என்ற கார் 1959 முதல் 1967 வரை ஒக்ஸ்போட்டுக்குத் தெற்கே உள்ள அபிங்டன் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டது.

தோற்றத்தில் இது பந்தயக் குதிரை. உள்ளே இருந்த பாகங்களில் பல ஒஸ்ரின் குடும்பக் கார்களிலிருந்து எடுத்தவை. முதல் ஹீலி 100இன் 2660 கனசென்ரிமீற்றர் இயந்திரமே ஒஸ்ரின் ஏ90 அட்லாண்டிக் காரினுடையதுதான். ஸ்ரியறிங் பெட்டியும் அந்தப் பழைய வழியில் வந்ததே.

அக்காலத்தில் ஸ்ரியறிங்கில் இரண்டு வகை இருந்தது. பல்வரிசை பதித்த ஒரு தடியைச் சிறு பற்சில்லு ஒன்று இடமும் வலமும் தள்ளுவது ஒரு வகை. இதை ராக் அன்ட் பினியன் என்பார்கள். இன்று எமது வீட்டு வாசலில் நிற்கும் கார்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான். மற்றது பெட்டி வகை. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் அப்போதே ராக் வகைக்குப் போய்விட்டது. 1955இல் வந்த எம்ஜீஏ காரும் அப்படியே. ட்றையம்ப் நிறுவனத்தின் ரீஆர்2, ரீஆர்3 ஆகியவை பெட்டியுடன் ஓடின. 1961இல் வந்த ரீஆர்4தான் ராக் வகைக்கு மாறியது. பெரிய ஹீலி மட்டும் கடைசிவரை பெட்டியை விடவில்லை.

யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் ஏ40 கார்கள் எம்மில் மூத்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அவற்றில் இருந்ததும் இதே குடும்பத்துப் பெட்டிதான். பக்கத்திலேயே மொறிஸ் மைனர்களும் ஓடின. மைனரை ஓட்டிப் பழகிய கை ஒஸ்ரினைப் பிடித்தால் வேறுபாட்டை உடனே உணரும். ஆகவே ஊரில் மெக்கானிக்காக இருந்த அப்பாவோ மாமாவோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கட்டுரையை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். நாம் எழுதாமல் விட்டதையும் அவர் சொல்லித் தருவார்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஸ்ரியறிங் வளையத்திலிருந்து ஒரு நீண்ட தண்டு கீழிறங்கிப் பெட்டிக்குள் போகிறது. அதன் அடி முனையில், தடித்த திருகாணியின் புரியைப் போல ஆழமான சுருள் பள்ளம் வெட்டிய ஓர் உருளை இருக்கிறது. இதை மெக்கானிக்குகள் கேம் என்பார்கள். நாம் புரி உருளை என்று வைத்துக்கொள்வோம். இது இரண்டு முனைகளிலும் கோளப் பெயாறிங்குகளில் சுழல்கிறது.

இந்தச் சுருள் பள்ளத்துக்குள் கூம்பு வடிவான ஒரு முளை பொருந்தி நிற்கிறது. வளையத்தைத் திருப்பினால் உருளை சுழலும். முளை பள்ளத்தின் வழியே மேலோ கீழோ நகரும். முளையைத் தாங்கி நிற்கும் கை ஓர் அச்சில் பொருத்தப்பட்டிருக்கிறது. கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். துலாவின் ஒரு முனை அசைந்தால் நடுவில் உள்ள அச்சு திரும்புமல்லவா? அதுபோல முளை நகர இந்தத் துலா அச்சு திரும்புகிறது. அச்சின் மறுமுனை பெட்டிக்கு வெளியே நீண்டு, ஒரு தொங்கு கையைப் பிடித்திருக்கிறது. தொங்கு கை தடிகளை இழுத்துத் தள்ள, முன் சில்லுகள் திரும்புகின்றன. காரின் மறுபக்கத்தில் ஐட்லர் என்ற இன்னொரு சிறு பெட்டி தடியின் அடுத்த முனையைத் தாங்கி நிற்கும்.

பெட்டியின் மூடியில் ஒரு திருகாணியும் அதன் மேல் ஒரு லொக் நட்டும் உண்டு. திருகாணியை உள்ளே திருப்பினால் அது துலா அச்சை அமுக்கும், முளை பள்ளத்துக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். இன்றைய கதை முழுவதும் இந்தத் திருகாணியைச் சுற்றியதுதான்.

நடுவில்தான் தேய்மானம்

கார் ஓடும் நேரத்தில் பெரும்பகுதி நேராகவே ஓடுகிறது. எனவே முளை பள்ளத்தின் நடுப்பகுதியிலேயே கிடந்து உராய்கிறது. ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஓடிய பெட்டியைத் திறந்து பார்த்தால் பள்ளத்தின் இரு முனைகளும் புதிது போல இருக்கும், நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருக்கும். முளையின் பக்கங்களும் உருண்டை மாறித் தட்டையாகியிருக்கும்.

இந்தத் தேய்மானம் சாரதியின் கைக்கு ஆட்டமாகத் தெரிகிறது. வளையத்தைச் சிறிது திருப்பினாலும் சில்லு அசையாது. அது எவ்வளவு ஆபத்தானது என்று ஒரு சிறு கணக்கால் பார்ப்போம். இவ்வகைப் பெட்டிகளில் சில்லு 1 பாகை திரும்புவதற்கு வளையம் ஏறத்தாழ 12 முதல் 15 பாகை வரை திரும்ப வேண்டும். 16 அங்குல விட்டமுள்ள வளையத்தில் 14 பாகை என்பது விளிம்பில் ஏறக்குறைய 2 அங்குலம். அதாவது, வளையத்தின் விளிம்பில் 2 அங்குல ஆட்டம் இருந்தால், சாரதி அசைக்காமலேயே முன் சில்லுகள் 1 பாகை வரை தம்பாட்டில் திரும்ப இடமுண்டு. மணிக்கு 30 மைல் வேகத்தில் கார் ஒரு விநாடியில் 13 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். சில்லு 1 பாகை திரும்பிய நிலையில் அந்த ஒரு விநாடிக்குள் கார் ஏறத்தாழ 2 அடி பக்கவாட்டில் விலகிவிடும். எதிரே பாரவூர்தி வரும் ஒடுங்கிய கிராமத்து வீதியில் 2 அடி என்பது உயிருக்கும் சாவுக்கும் இடையிலான தூரம்.

இப்போது திருகாணிக்கு வருவோம். ஆட்டத்தைக் கண்டவுடன் பலர் செய்வது லொக் நட்டைத் தளர்த்தித் திருகாணியை இறுக்குவதுதான். ஐந்து நிமிட வேலை. முளை ஆழமாக இறங்கி, தேய்ந்த நடுப்பகுதியில் இறுக்கமாகப் பொருந்தும். நேராக ஓடிப் பார்த்தால் ஆட்டம் போய்விட்டது என்றே தோன்றும். வாடிக்கையாளரும் மகிழ்ச்சியாகக் காசு கொடுப்பார்.

ஆனால் பள்ளத்தின் முனைகள் தேயவில்லையே? நடுவுக்கு அளவாக இறக்கிய முளை முனைப் பக்கம் போகும்போது இறுகிப் பிடிக்கும். இந்தப் பெட்டிகளைச் செய்தவர்கள் நேராக ஓடும் நிலையில்தான் முளை மிக நெருக்கமாகப் பொருந்த வேண்டும் என்றும், இரு பக்கமும் திரும்பத் திரும்பச் சிறிது தளர வேண்டும் என்றும் கணக்கிட்டே பள்ளத்தை வெட்டினார்கள். தேய்ந்த பெட்டியில் அந்த ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது. சந்தியில் முழுதாகத் திருப்பிய வளையம் திரும்பி வர மறுக்கும். கட்டாயப்படுத்தித் திருப்பத் திருப்ப உருளையின் கடினப்படுத்திய மேற்பரப்பு உதிரத் தொடங்கும். முன்பு இருந்தது ஆட்டம். இப்போது ஆட்டத்தோடு பிடிப்பும் சேர்ந்துவிட்டது.

"அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது" என்பார்கள் நம் பெரியவர்கள். அச்சாணி இல்லை என்றால் அது கண்ணுக்குத் தெரியும். பெட்டிக்குள் மறைந்திருக்கும் பழுது தெரியாது. அதனால் அது இன்னும் பொல்லாதது.

முதலில் பெட்டியைக் குற்றம் சொல்லாதீர்கள்

ஆட்டம் என்றவுடன் பெட்டியைக் கழற்றப் போகக் கூடாது. இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஆசனத்தில் இருந்து வளையத்தை மெதுவாக இடமும் வலமும் அசைக்க வேண்டும். மற்றவர் கீழிருந்து ரோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். அசைவு எங்கே தொடங்குகிறது, எங்கே தொலைகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே நோக்கம்.

தடிகளின் பந்து மூட்டுகள், மறுபக்க ஐட்லர், சில்லின் பெயாறிங், கிங்பின் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெட்டியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ற்றுகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் கைவைத்துப் பாருங்கள். பெட்டியே சட்டத்தில் அசையுமானால் உள்ளே எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. பெட்டிக்குள் போகும் தண்டு அசைந்தும் வெளியே வரும் தொங்கு கை அசையாமல் நின்றால் மட்டுமே குற்றவாளி பெட்டிதான் என்று முடிவு செய்யலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. ஜாக்கை மட்டும் நம்பி எந்தக் காருக்கும் கீழே போகக் கூடாது. சமதரையில், உறுதியான இரும்புத் தாங்கிகளில் காரை இறக்கி, தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதி செய்த பிறகே கீழே போக வேண்டும். எந்த அவசரத்துக்கும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கழற்றும்போது

முதலில் பற்றரியின் இணைப்பை எடுத்துவிடுங்கள். ஹோர்ன், சிக்னல் வயர்கள் ஸ்ரியறிங் தண்டின் நடுவே செல்லும் ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பெட்டியின் அடி வரை வருகின்றன. அந்தக் குழாய் வெளியேறும் இடத்தில் ஒரு நட்டும் சிறு பித்தளை வளையமும் எண்ணெயை அடைத்திருக்கும். அதைத் தளர்த்தியதும் எண்ணெய் கொட்டும் என்பதால் கீழே ஒரு தட்டை வையுங்கள்.

தொங்கு கை துலா அச்சில் வரிப்பற்களால் மிக இறுக்கமாகப் பிடித்திருக்கும். கழற்றும் முன் கையிலும் அச்சிலும் ஒரே கோட்டில் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே ஒரு கோடு கீறுங்கள். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் வளையம் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். கையைக் கழற்றத் தகுந்த புல்லர் வேண்டும். சுத்தியலால் அச்சின் முனையில் அடிக்கக் கூடாது. அந்த அடி நேரே பெட்டிக்குள் போய், புரி உருளையையும் மூடியையும் தாக்கும்.

ஹீலியில் தண்டும் பெட்டியும் நீளமான ஒரே பொருளாக வருவதால், அதை வெளியே எடுக்க முன்பக்கப் பாகங்கள் சிலவற்றையும் கழற்ற வேண்டி வரும். கழற்றும் ஒவ்வொன்றையும் ஒழுங்காகத் தட்டில் அடுக்கி, பெயர் எழுதி வையுங்கள். படம் பிடித்தும் வைக்கலாம்.

பெட்டியின் அடி மூடிக்கும் உடலுக்கும் இடையில் மெல்லிய தகடுகள் இருக்கும். இவை ஷிம் தகடுகள். இவற்றின் எண்ணிக்கையும் தடிப்பும் முக்கியம் என்பதால் ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள். சில பெட்டிகளில் பெயாறிங் கோளங்கள் கூடு இல்லாமல் உதிரியாக இருக்கும். துணி விரித்து அதன் மேல் திறந்து, கோளங்களை எண்ணி எழுதுங்கள். ஒன்று தொலைந்தாலும் வேலை நின்றுவிடும்.

பார்த்தலும் அளத்தலும்

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பிறகு நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

முளை: விரலை அதைச் சுற்றி ஓட்டுங்கள். உருண்டையாக இருக்க வேண்டும். பக்கத்தில் தட்டையாகத் தெரிந்தால் மாற்ற வேண்டும். முளையை மட்டும் அழுத்திக் கழற்றக்கூடிய அச்சுகளில், சிலர் அதை 90 பாகை திருப்பி, தேயாத பக்கம் வேலை செய்யும்படி மீண்டும் பதிப்பார்கள். புதிய முளை கிடைக்குமானால் புதியதைப் போடுவதே மேல்.

புரி உருளை: பள்ளத்தின் நடுப்பகுதியில் குழிகள், உதிர்ந்த இடங்கள், நகத்துக்குத் தட்டுப்படும் படி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். மேற்பரப்பில்தான் கடினம் இருக்கிறது, உள்ளே மென்மையான இரும்பு. மேல் தோல் போய்விட்டால் அதன் பிறகு தேய்மானம் வெகு வேகமாக நடக்கும். அப்படிப்பட்ட உருளைக்கு வெல்டிங் வைத்து அராவிச் சமாளிக்க முயலக் கூடாது. மாற்றுவது ஒன்றே வழி.

பெயாறிங்குகள்: கோளங்களிலும் அவை ஓடும் கிண்ணங்களிலும் புள்ளி விழுந்திருந்தால் மாற்றுங்கள்.

துலா அச்சும் புஷ்ஷும்: அச்சை அதன் புஷ்ஷுக்குள் செருகிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அசைவு கைக்குத் தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. புதிய புஷ்ஷை அழுத்திப் பதித்த பின், அச்சின் அளவுக்கு ரீமரால் சீவ வேண்டும். ஒயில் சீல் உரசும் இடத்தில் அச்சில் வளையம் போலப் பள்ளம் விழுந்திருந்தால், புதிய சீல் போட்டாலும் எண்ணெய் கசியும். அச்சையும் கவனிக்க வேண்டும்.

அளவுகளைக் கண்ணால் மட்டிட வேண்டாம். இந்த வேலையில் அளவு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் பேசப்படும். அது 0.0254 மில்லிமீற்றர், தலைமயிரின் தடிப்பை விடக் குறைவு. மைக்ரோமீற்றரைப் பிடித்து வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இங்கே எந்தப் பட்டறையிலும் மரியாதை உண்டு.

1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் இல்லாமல், பழைய ஒஸ்ரின்களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள் எம் மெக்கானிக்குகள். அந்தத் திறமையை மதிக்கிறோம். அன்று வேறு வழி இருக்கவில்லை. இங்கே வழி இருக்கிறது. பெரிய ஹீலிக்கான உதிரிப்பாகங்களை விற்கும் கடைகள் இந்நாட்டில் உண்டு. ஆகவே சமாளிப்பு எங்கே கெட்டித்தனம், எங்கே குற்றம் என்பதை இடமறிந்து பிரித்துப் பார்க்க வேண்டும்.

பூட்டும்போது

ஒழுங்கு மிக முக்கியம். முதலில் புரி உருளையையும் பெயாறிங்குகளையும் மட்டும் பூட்டுங்கள். துலா அச்சு இன்னும் வெளியே இருக்கட்டும். அடி மூடியைத் தேவைக்குச் சற்று அதிகமான ஷிம் தகடுகளுடன் இறுக்கினால், தண்டை மேலும் கீழும் இழுக்கும்போது சிறு அசைவு தெரியும். பின் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகக் குறைத்து வாருங்கள். மேல்கீழ் அசைவு முற்றாக நின்று, அதே நேரத்தில் தண்டு தடையின்றி மென்மையாகச் சுழலும் இடமே சரியான இடம். அதற்கு மேலும் குறைத்தால் கோளங்கள் நசுங்கிக் கிண்ணங்களைக் கெடுக்கும்.

அடுத்து துலா அச்சைப் புதிய சீலுடன் இறக்கி, மேல் மூடியைப் பூட்டுங்கள். இப்போது தண்டை ஒரு முனை முதல் மறுமுனை வரை திருப்பிச் சுற்றுகளை எண்ணுங்கள். எண்ணியதில் பாதி திருப்பினால் அதுவே நடு. திருகாணியைச் சரிசெய்ய வேண்டியது இந்த நடு நிலையில் மட்டுமே. தொங்கு கையோ தடிகளோ இணைக்கப்படாமல் இருக்க வேண்டும். இணைத்திருந்தால் சில்லுகளின் பாரம் உங்கள் கையை ஏமாற்றும்.

திருகாணியை மெதுவாக உள்ளே திருப்பிக்கொண்டே தண்டை நடுவைக் கடந்து இடமும் வலமும் அசையுங்கள். நடுவைக் கடக்கும்போது மட்டும் மிகச் சிறிய தடை ஒன்று கைக்குத் தெரியத் தொடங்கும். அங்கே நிறுத்தி லொக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது திருகாணி சேர்ந்து திரும்பிவிடலாம் என்பதால் மீண்டும் சோதியுங்கள். பின்பு முனை முதல் முனை வரை முழுதாகத் திருப்பிப் பாருங்கள். நடுவைத் தவிர வேறெங்கும் இறுகக் கூடாது. எங்காவது இறுகினால் தேய்ந்த பாகம் ஒன்று இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். திரும்பக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

காரில் பூட்டிய பின் தொங்கு கையின் நட்டுக்குப் புதிய பூட்டுத் தகடு போடுங்கள். பழைய தகட்டை மடித்து மீண்டும் பாவிக்காதீர்கள். கடைசியாக வீல் அலைன்மென்ற் பார்ப்பித்த பிறகே காரை வீதிக்கு எடுக்க வேண்டும்.

எண்ணெயா, கிறீஸா?

இப்பெட்டிக்கு உரியது 90 என்று இலக்கமிட்ட கியர் எண்ணெய். பழைய பெட்டிகள் கசிவதால், பலர் கசிவைத் திருத்தாமல் உள்ளே கிறீஸை அடைத்துவிடுகிறார்கள். முளை தன் வழியில் கிடக்கும் கிறீஸை ஒதுக்கித் தள்ளிவிட்டால், கட்டியான கிறீஸ் திரும்ப வழிந்து அந்த இடத்துக்கு வராது. பெட்டி நிறையக் கிறீஸ் இருந்தும் முளை வறட்சியில் உராயும். சீலை மாற்றி எண்ணெய் ஊற்றுவதே முறை. மறுபக்கத்து ஐட்லரையும் மறந்துவிடாதீர்கள். அதற்கும் எண்ணெய் வேண்டும்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

இந்நாட்டில் எம்ஓரீ எனப்படும் வாகனப் பரிசோதனை 1960இல் தொடங்கியபோது, 10 ஆண்டுக்கு மேற்பட்ட வாகனங்களின் பிரேக், விளக்கு, ஸ்ரியறிங் ஆகியவற்றையே பார்த்தார்கள். ஸ்ரியறிங் முதல் நாளிலிருந்தே அந்தப் பட்டியலில் இருக்கிறது. இன்று இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் சாதாரணக் கார் 3 வயதானதும் ஆண்டுதோறும் இந்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

ஆனால் 2018 மே 20 முதல், 40 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு இப்பரிசோதனை கட்டாயமில்லை. ஹீலி போன்ற கார்கள் இதில் அடங்கும். அதாவது, பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அரசாங்கம் ஆண்டுதோறும் பார்க்கப் போவதில்லை. கடைசியாகத் திருத்திய மெக்கானிக்கின் கண்தான் கடைசிக் கண்ணாக இருக்கலாம். பரிசோதனை இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று எண்ண வேண்டாம். ஆபத்தான நிலையில் எந்த வாகனத்தை ஓட்டினாலும் 2,500 பவுண் வரை தண்டமும் 3 தண்டப் புள்ளிகளும் உண்டு, ஓட்டுவதற்குத் தடையும் வரலாம். விரும்பினால் பழைய காரையும் தாமாகவே பரிசோதனைக்கு அனுப்பலாம்.

பாவித்த கார் வாங்க இருக்கும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். காரின் பதிவிலக்கத்தைக் கொடுத்தால், அதன் முந்தைய எம்ஓரீ பெறுபேறுகளை அரசாங்கத்தின் சேவையில் இலவசமாகப் பார்க்கலாம். ஸ்ரியறிங் பற்றி முன்பு ஏதும் எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கிறதா என்று காசு கொடுக்கும் முன் பாருங்கள். ஆங்கிலம் வாசிக்கக் கடினமாக இருந்தால் பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

வேலைக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு

ஒரு நாள் உங்கள் முன் ஒரு பழைய கார் நிற்கும். "திருகாணியைக் கொஞ்சம் இறுக்கி அனுப்பிவிடு" என்று யாராவது சொல்வார்கள். நீங்கள் புதியவர். மொழி இன்னும் முழுதாக வரவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயமும் இருக்கும். எம்மவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தலையாட்டிவிடுகிறார்கள்.

வாக்குவாதம் தேவையில்லை. காட்டுங்கள். வளையத்தை முனை வரை திருப்பி அது இறுகுவதை அவரது கையாலேயே உணரச் செய்யுங்கள். ஆட்டத்தை அளந்து, எத்தனை அங்குலம் என்று வேலைத் தாளில் எழுதுங்கள். "பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்" என்ற ஒரு வரியையும், திகதியையும், உங்கள் கையொப்பத்தையும் சேருங்கள். இதற்குப் பெரிய ஆங்கிலம் வேண்டியதில்லை. நல்ல முதலாளி இதற்காக உங்களை மதிப்பார். மதிக்காத இடமானால் அங்கிருந்து பழக வேண்டியது எதுவும் இல்லை.

பெற்றோருக்கும் ஒன்று. கையில் எண்ணெய் படும் வேலை என்று இதைக் குறைவாக எண்ணாதீர்கள். ஒக்ஸ்போட்ஷயரில் பிசெஸ்ரர் என்ற ஊரில், பழைய விமானப்படைத் தளம் ஒன்றே பழைய வாகனங்களைத் திருத்தும் பட்டறைகளின் இடமாக மாறியிருக்கிறது. அங்கே இளைஞர்களுக்குத் தொழில் பயிலுனர் பயிற்சியும் நடந்து வருகிறது. வேலை அனுமதி கிடைத்த பிள்ளைகள், உள்ளூர்க் கல்லூரியில் வாகனத் தொழில் வகுப்புகளைப் பற்றி விசாரிக்கட்டும். அளக்கத் தெரிந்த கையும், பழுதைப் பழுது என்று சொல்லும் வாயும் இருந்தால், எந்த நாட்டிலும் பிழைக்கலாம்.

அடுத்த இதழில் பிரேக் எண்ணெய் பற்றி எழுதுவோம். அது ஏன் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சுகிறது, எப்போது மாற்ற வேண்டும் என்பதை எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் வகையில் பார்ப்போம். உங்கள் கேள்விகளை வழமைபோல் இதழின் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள்.